நடுவில் வெட்டாத துண்டு

காய்ந்த காளான்களைச் சேர்த்து வைத்திருக்கும் மாதிரிக் கூடத்தில் அவளைப் ‘பிளேடு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பேசிப் பேசியே ஆளை அறுப்பவள் போலிருக்கிறது என்று புதிதாக வருகிறவர்கள் ஒரு வாரம் பயந்து ஒதுங்கிப் போவார்கள். பிறகுதான் தெரியும், அவள் வாயைத் திறப்பதே அபூர்வம் என்று. சவர பிளேடை இரண்டு விரலுக்கு நடுவே பிடித்து, காய்ந்த காளானிலிருந்து வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லிய சீவல் எடுக்க அந்தக் கட்டடத்தில் அவளை விட்டால் ஆள் கிடையாது. அதனால் வந்த பெயர் அது.

மரத்தில் தட்டுப்போல ஒட்டி வளரும் காளான்கள் உண்டல்லவா, அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தால் ஊசியால் குத்தியதுபோல ஆயிரம் துளைகள் இருக்குமே, அவைதான் அவள் பொறுப்பு. மூன்றாவது அறையில் இருபத்தெட்டு இரும்பு அலமாரிகள். அலமாரி நிறையக் காகித உறைகள். ஒவ்வோர் உறைக்குள்ளும் எப்போதோ எந்தக் காட்டிலோ யாரோ பெயர்த்தெடுத்த ஒரு துண்டு. உறையின்மேல் அதன் பெயர்ச்சீட்டு. அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. பெயர் தவறு என்று பின்னால் வந்தவர் கண்டுபிடித்தால், சரியான பெயரைப் புதுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கீழே ஒட்டலாம். பழைய சீட்டைக் கிழிக்கக் கூடாது. மறைத்தும் ஒட்டக் கூடாது. சில உறைகளில் ஐந்து சீட்டுகள்கூட இருக்கும். தவறியவரும் திருத்தியவரும் ஒரே உறையில் சண்டை சச்சரவில்லாமல் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பார்கள். மனிதர்கள் ஏற்படுத்திக்கொண்ட வழக்கங்களிலேயே இறைவனுக்குப் பிடித்தது இதுவாகத்தான் இருக்கும் என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

பதினேழாம் அலமாரியின் நடுத்தட்டு அவள் அண்ணனுடையது.

அண்ணன் அதே கூடத்தில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை துளை என்று எண்ணி எண்ணியே ‘துளை சார்’ என்று பெயரெடுத்தவர். தம் வாழ்நாளில் அவர் ஒரு புதிய பேரினத்தை நிறுவியிருந்தார். பேரினம் என்பது காளான்களின் குடும்பப் பெயர் மாதிரி. அவர் வைத்த லத்தீன் பெயருக்குத் தேனடை போன்றது என்று அர்த்தம். அதனால் வீட்டிலும் கூடத்திலும் அது வெறும் ‘தேனடை’. நான்கே நான்கு இனங்கள் கொண்ட சின்னக் குடும்பம். ஆனாலும் அந்தப் பெயர் எந்தப் புத்தகத்தில் வந்தாலும் பின்னாலேயே அண்ணன் பெயரும் வரும். அவர் சேர்த்த ஒரே சொத்து அதுதான்.

எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு காலையில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்தார். பக்கவாதம். வலது கையும் வலது காலும் போயின. பேச்சும் போயிற்று.

அது நடந்து எட்டு மாதம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை. மரபணு மேடம் என்று எல்லோரும் அழைக்கும் அந்த இளம் ஆய்வாளர், கணினி முன்னால் உட்கார்ந்தபடியே கூப்பிட்டாள்.

“அக்கா, ஒரு நிமிஷம் வாங்களேன். எனக்குத் தலை சுத்துது.”

“காலையில சாப்பிட்டீங்களா மேடம்?”

“அந்தச் சுத்தல் இல்லக்கா. இதைப் பாருங்க.”

திரையில் கிளை கிளையாக ஒரு படம். எந்தக் காளான் எதற்கு உறவு என்று மரபணுவை வைத்து வரைந்தது. “தேனடையோட மூல மாதிரியில ரெண்டு இடத்துல சுரண்டி எடுத்தோம்ல, மேல்பக்கம் ஒண்ணு, துளைப்பக்கம் ஒண்ணு? ரெண்டும் ஒரே ஆள்னு வரணும். வரல. மேல இருக்கிறது இங்க நிக்குது, அடியில இருக்கிறது அங்க நிக்குது. நடுவுல எவ்வளவு தூரம் பாருங்க.”

மூல மாதிரி என்பது, ஒரு பெயரை முதன்முதலில் எந்தத் துண்டைப் பார்த்து வைத்தார்களோ அந்தத் துண்டு. பெயர் நிற்பதும் விழுவதும் அதை வைத்துத்தான்.

“ட்யூபு மாறியிருக்கும் மேடம்.”

“நானும் அப்படித்தான் நினைச்சேன். மூணு தடவை பண்ணிட்டேன். மூணு தடவையும் இதேதான்.” அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “செத்துப்போன காளான் மேல இன்னொரு காளான் படர்ந்திருக்கு. ரெண்டும் காஞ்சு ஒட்டினதுல கண்ணுக்கு ஒண்ணாத் தெரியுது. சார் பார்த்த துளை அடியில இருக்கிறதோடது. சார் எழுதின அந்த மான்கொம்பு மாதிரி கிளைச்ச இழை மேல இருக்கிறதோடது. ரெண்டுக்குமே ஏற்கெனவே பழைய பேரினம் இருக்கு. மத்த மூணு இனத்துக்கும் மான்கொம்பு இருக்குன்னு சார் இதுல சேர்த்தார். அது மூணும் மேல இருக்கிறதுக்குச் சொந்தம்னு வந்தாச்சு. அப்ப தேனடைன்னு தனியா ஒண்ணு...” முடிக்காமல் நிறுத்தினாள். “ஒண்ணுதான்க்கா எனக்குப் புரியல. நடுவுல முழுசா ஒரு வெட்டு வெட்டியிருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும். சார் எப்படி இதை விட்டார்? அந்தப் பழைய ஸ்லைடு இருக்கா?”

ஸ்லைடு இருந்தது. மரப்பெட்டியிலிருந்து அதை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். கண்ணாடியின் ஓரத்தில் மங்கிப்போன மையில் எண்ணும் தேதியும். எழுத்து அவளுடையது.

முப்பத்தோரு வருடத்துக்கு முன்னால், வேலைக்குச் சேர்ந்து பதினைந்தே நாளில் அவள் வெட்டிய சீவல் அது.

அன்று அண்ணன் அந்தத் துண்டை மேஜையில் வைத்துவிட்டு, “நடுவுல வெட்டு. மேலேர்ந்து துளை வரைக்கும் முழுசா வரணும்” என்று சொல்லிப் பக்கத்து அறைக்குப் படம் வரையப் போனார். துண்டு உள்ளங்கை அகலம்கூட இல்லை. காய்ந்த ரொட்டியின் ஓரம்போல நொறுங்கக் காத்திருந்தது. துளைகள் உடைந்துவிட்டால் என்ன பதில் சொல்வது? நேற்று வந்தவள், தங்கச்சி என்பதால் உள்ளே நுழைந்தவள் என்று ஏற்கெனவே ஜாடைப்பேச்சு உண்டு. அவள் நடுவில் பிளேடு வைக்கவில்லை. மேல் ஓரத்தில், கெட்டியாக இருந்த இடத்தில், அழகாக ஒரு சீவல் எடுத்து ஸ்லைடில் வைத்தாள்.

“நடுவுலதானே?” என்று கேட்டுக்கொண்டே வந்தார் அண்ணன்.

“ஆமாண்ணே” என்றாள் அவள்.

அவர் நுண்ணோக்கியில் குனிந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “மான் கொம்பு! ஏய், இங்க வந்து பாரேன், மான் கொம்பு!” என்று சின்னப் பிள்ளைபோலக் கத்தினார். சீவலில் துளைப்பக்கம் இல்லை என்பது அந்தச் சந்தோஷத்தில் அவர் கண்ணில் படவே இல்லை. இவ்வளவு பெரிய துளையும், கொம்புபோலக் கிளைத்த தடித்த இழையும் ஒரே காளானில் சேர்ந்திருப்பதை யாரும் அதுவரை பார்த்ததில்லை. எப்படிப் பார்த்திருப்பார்கள்? அப்படி ஒரு காளானே இல்லையே. துண்டு சிறியது, இனி வீணாக்க வேண்டாம் என்று அவர் மறுபடி வெட்டச் சொல்லவில்லை. தங்கையின் கையை அவ்வளவு நம்பினார்.

பயத்தில் சொன்ன பொய்தான். கெடுதல் நினைத்துச் சொன்னதல்ல. ஆனால் பொய்க்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரிவதில்லை. அது பாட்டுக்கு உள்ளே கிடந்து வளர்கிறது. அவளே அதை மறந்துபோயிருந்தாள்.

“அக்கா? ஏன் உக்காந்துட்டீங்க?”

“மேடம், நடுவுல இப்ப வெட்டிப் பார்த்துடலாமா?”

“நானே கேக்கணும்னு இருந்தேன். உங்க கையை விட்டா வேற யாரு?”

ஓரங்கள் உதிர்ந்து உதிர்ந்து துண்டு இப்போது தீப்பெட்டி அளவுக்குக் குறைந்திருந்தது. அவள் கண்ணை மூடி ஒரு நொடி வேண்டிக்கொண்டு, பிளேடைச் சரியாக நடுவில் வைத்தாள். கை நடுங்கவில்லை, அதுதான் அவளுக்கு வேதனையாக இருந்தது. மேலிருந்து துளைவரை ஒரு தூசி உதிராமல் சீவல் வந்தது. அன்றைக்கும் இப்படியே வந்திருக்கும்.

நுண்ணோக்கியில் எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. மேலே மான்கொம்புகள். கீழே மெல்லிய நேரான இழைகள். நடுவில், இரண்டு துணியைச் சேர்த்துத் தைத்த தையல்போலப் பழுப்பாக ஒரு கோடு.

அவள் எல்லாவற்றையும் மேடத்திடம் சொன்னாள். சொல்லி முடித்ததும், “என் பேரைப் போட்டே எழுதிடுங்க. தப்பா வெட்டினதும் நான், கேட்டப்ப பொய் சொன்னதும் நான்னு எழுதிடுங்க” என்றாள்.

மேடம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஆய்வுக் கட்டுரையில அதுக்கெல்லாம் இடமில்லக்கா. ‘மூல மாதிரியில் இரண்டு பூஞ்சைகள் கலந்திருந்தன’ன்னு ஒரு வரி வரும். யார் வெட்டினாங்கன்னு எந்தக் கட்டுரையிலும் வராது.”

“அப்ப அண்ணன்தான் தப்புப் பண்ணினார்னு ஆயிடுமே.”

மேடம் திரையில் இருந்த கிளைப் படத்தை மூடினாள்.

“கொஞ்ச நாள் தள்ளிப்போட முடியாதா? அவர் இருக்கிற வரைக்கும்?”

“வேற ரெண்டு நாட்டுல ரெண்டு பேர் என்னோட சேர்ந்து எழுதறாங்க. அவங்ககிட்டயும் இதே கணக்குத்தான் இருக்கு. நான் நிறுத்தினா அவங்க எழுதிடுவாங்க. அடுத்த மாசம் வந்துடும்.” பிறகு மெதுவாக, “உண்மைதானேக்கா?” என்றாள்.

“உண்மைதான்” என்றாள் பிளேடு அக்கா. முப்பத்தோரு வருடமாகச் சீட்டு ஒட்டுகிறவள். வேறு என்ன சொல்ல முடியும்?

சாயங்காலம் வழக்கம்போல அண்ணன் வீட்டுக்குப் போனாள். இரண்டாவது மாடி, ஜன்னல் ஓர நாற்காலி. கைக்குப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் துளை துளையான ஒரு மஞ்சள் ஸ்பாஞ்சுப் பஞ்சைக் கொடுத்திருந்தாள், வலது கையால் அமுக்கிப் பழக.

“வா வா, வந்து உங்கண்ணனைப் பாரு” என்றாள் அண்ணி. “பஞ்சை அமுக்குய்யான்னா, இடது கையில எடுத்து வெச்சுக்கிட்டுத் துளையை எண்ணிக்கிட்டிருக்கார். அந்தப் பொண்ணு தலையில அடிச்சுக்கிட்டுப் போகுது. நாப்பது வருஷமா நானும் இந்த முகத்தைப் பார்க்கறேன், ஒரு நாள் என் முகத்தை இவ்வளவு உன்னிப்பாப் பார்த்ததில்ல இந்த மனுஷன்.”

“உங்க முகத்துல துளை இல்லையே அண்ணி.”

“இனிமே போட்டுக்க வேண்டியதுதான்.”

அண்ணன் சிரிப்பதுபோல வாயின் ஒரு பக்கம் மட்டும் ஏறியது. புரிந்து சிரித்தாரா என்று சொல்ல முடியாது. பாதி புரியும், எந்தப் பாதி என்று எங்களுக்கும் தெரியாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அவர் தங்கையைப் பார்த்தார். காத்திருந்தார்.

அது அவர்களுக்குள் ஒரு பழக்கம். தினமும் அவள், “பதினேழு நல்லா இருக்குண்ணே” என்பாள். அவர் இடது கட்டைவிரலை உயர்த்துவார். அன்றைய நாள் அவருக்கு அதோடு முடிந்துவிடும்.

வழியெல்லாம் சொல்ல வேண்டியதைக் கோத்துக்கொண்டுதான் வந்திருந்தாள். அந்தக் கண்கள் அப்படிப் பார்த்ததும் எல்லாம் உதிர்ந்துபோயிற்று.

“பதினேழு நல்லா இருக்குண்ணே” என்றாள்.

கட்டைவிரல் உயர்ந்தது. வீட்டுக்குத் திரும்பும்போது, அதே அண்ணனிடம் அதே காளானுக்காக இது இரண்டாவது பொய் என்று எண்ணிக்கொண்டே நடந்தாள். பிரார்த்தனைக்கு உட்கார்ந்தால் என்ன கேட்பது என்றே தெரியவில்லை. நடந்ததை மாற்று என்று கேட்க முடியாது. உண்மையைப் பொய்யாக்கு என்றும் கேட்க முடியாது. சும்மா உட்கார்ந்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை மரபணு மேடம் அவள் மேஜைக்கே வந்தாள். “அக்கா, நாளைக்கு நான் சார் வீட்டுக்கு வரட்டுமா? சின்ன மைக்ராஸ்கோப் ஒண்ணு இருக்கு, எடுத்துட்டு வரேன். அவருக்குத் தெரியாமலே அவர் பேரை எடுக்கிறது எனக்கு நல்லாப் படல. நாம வாயால சொன்னா அவருக்குப் புரியுமோ என்னவோ. கண்ணால பார்த்தா புரியும். பார்க்கிறதுதானே அவருக்குத் தெரிஞ்ச பாஷை.”

வாரம் முழுவதும் வேலை செய்த பெண். விடுமுறை நாளில் தூங்கலாம், துணி துவைக்கலாம். யாரும் அவளைக் கேட்கவில்லை. இப்படிப்பட்ட சின்னக் காரியங்களால் எதுவும் மாறிவிடுவதில்லை என்பது உண்மை. ஆனாலும் இவை இல்லாவிட்டால் இந்த உலகத்தில் ஒரு நாள்கூடக் குடியிருக்க முடியாது.

சனிக்கிழமை காலை. நுண்ணோக்கியைக் குளியல் துண்டில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள் மேடம். ஜன்னலோரம் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, வெளிச்சம் பார்த்து வைத்தாள். அண்ணி அவர் முதுகுக்குத் தலையணை கொடுத்து முன்னால் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“சார், இது உங்க பழைய ஸ்லைடு.”

அண்ணன் குனிந்தார். குனிந்த மாத்திரத்தில் அவர் தோள் மாறியது. எட்டு மாதமாக யாரோபோல உட்கார்ந்திருந்தவர், ஒரு நொடியில் துளை சாராக ஆனார். இடது கை தானாகத் திருகைத் தேடிப் போயிற்று. மான்கொம்பைப் பார்த்ததும் தொண்டைக்குள் சந்தோஷமாக ஒரு சத்தம்.

“இது இப்ப வெட்டினது சார். நடுவுல.”

இரண்டாவது ஸ்லைடு. அவர் பார்த்தார். திருகு மெல்ல நகர்ந்தது. மேலிருந்து கீழே வந்தது, நின்றது. மறுபடி மேலே போயிற்று, மறுபடி அதே இடத்தில் வந்து நின்றது. தையல் இருக்கும் இடம் அதுதான் என்று தங்கைக்கும் மேடத்துக்கும் தெரிந்தது. தெருவில் யாரோ வண்டிக்குக் காற்றடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

அவர் நிமிர்ந்தார். இடது கையால் புது ஸ்லைடை எடுத்துப் பழைய ஸ்லைடின் பக்கத்தில் வைத்தார். இரண்டிலும் ஓரத்தில் இருந்த ஒரே கையெழுத்தைப் பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார்.

“நான்தாண்ணே” என்றாள் அவள். அவர் காலடியில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். “நீங்க நடுவுல வெட்டச் சொன்னீங்க. உடைஞ்சுடும்னு பயந்து ஓரத்துல வெட்டினேன். நடுவுலதானேன்னு கேட்டீங்க, ஆமான்னேன். உங்க பேரு போகுதுண்ணே. என்னாலதான் போகுது.”

அண்ணன் வாயைத் திறந்தார். நாக்கு புரளவில்லை. “அ... அ...” என்று ஒரு சத்தம். இடது கையை ஆட்டினார்.

“தண்ணி வேணுமா?” என்றாள் அண்ணி.

இல்லை என்று தலை.

“கண்ணாடியா? சாயணுமா? இவ மேல கோவமா? திட்டணுமா? திட்டுங்க, அவ ஒண்ணும் நினைச்சுக்க மாட்டா.”

இல்லை, இல்லை. சத்தம் பெரிதாகிக்கொண்டே போயிற்று. நெற்றியில் நரம்பு புடைத்தது. என்னவோ ஒன்று அவருக்குள் முழு வாக்கியமாக இருந்தது. வெளியே வர வழியில்லை.

“பரவாயில்லைன்னு சொல்றீங்களா?” என்று கேட்டாள் அண்ணி, குரல் உடைந்து. “அப்படித்தானே? அப்படின்னு தலையாட்டுங்களேன், அவ நிம்மதியாப் போகட்டும்.”

அவர் தலையாட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மனைவி கொடுத்த சொல் தம்முடையதல்ல என்பதுபோல அவளைப் பார்த்தார்.

மேடத்துக்குத்தான் தோன்றியது. பையிலிருந்து ஒரு வெற்றுப் பெயர்ச்சீட்டை எடுத்துப் பலகையில் வைத்து, பென்சிலை அவர் இடது கையில் கொடுத்தாள். “எழுத வருதா பாருங்க சார்.”

அவர் பென்சிலைப் பிடித்தார். விரல்கள் அதைச் சரியாகத்தான் பிடித்தன. முனை காகிதத்தைத் தொட்டது. இடமிருந்து வலமாக ஒரு கோடு, நடுங்கி நடுங்கி, பாதியில் கொஞ்சம் ஏறி, பிறகு இறங்கி, சீட்டின் ஓரத்தில் போய் முடிந்தது. எழுத்தாக எதுவும் இல்லை. அவரே அதைப் பார்த்தார். பென்சிலைக் கீழே விட்டார். கண்ணிலிருந்து நீர் இறங்கியது, இரண்டு கண்ணிலும்.

திங்கட்கிழமை அவள் பதினேழாம் அலமாரியைத் திறந்தாள். நடுத்தட்டில் இருந்த உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புதுச் சீட்டு ஒட்டி, அந்தந்தப் பழைய பேரினத்தின் தட்டுக்குக் கொண்டுபோனாள். மூல மாதிரியின் உறை கடைசியாக வந்தது. மேலே அண்ணன் முத்து முத்தாக எழுதிய சீட்டு. அதன்கீழே பென்சில் கோடு போட்ட சீட்டை வைத்துவிட்டு அவள் பசையைத் தொடாமல் நின்றாள்.

“பேரும் கையெழுத்தும் இல்லாத சீட்டை ஒட்டக் கூடாதுன்னு விதி இருக்கே மேடம்.”

மரபணு மேடம் பேனாவை எடுத்து, கோட்டின் ஓரத்தில் சனிக்கிழமைத் தேதியை மட்டும் எழுதினாள். “மாதிரியைப் பார்த்தவர் போட்டதுதானேக்கா. ஒட்டுங்க. கேட்டா நான் சொல்லிக்கிறேன்.”

கோட்டுக்குக் கீழே, மேடத்தின் கையெழுத்தோடு சரியான பெயர் போட்ட சீட்டு. மூன்று சீட்டுகள். எதுவும் எதையும் மறைக்கவில்லை. இரண்டு ஸ்லைடுகளையும் காகிதத்தில் மடித்து உள்ளேயே வைத்தாள். தன் பெயரை எங்காவது எழுத இடம் இருக்கிறதா என்று உறையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். இல்லை.

சாயங்காலம் அண்ணன் ஜன்னலோரம் மஞ்சள் பஞ்சோடு உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்தார். காத்திருந்தார்.

“பதினேழு காலிண்ணே” என்றாள்.

கட்டைவிரல் உயரவில்லை. வெகுநேரம் அவர் அவள் முகத்தையே பார்த்தார். பிறகு இடது கையை மெல்ல நீட்டி, பஞ்சை அவள் உள்ளங்கையில் வைத்து, அவள் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டார். கை வலித்ததால் கொடுத்தாரா, வேறு எதற்காகவா, அவளுக்குத் தெரியவில்லை. இனி ஒருநாளும் தெரியப்போவதில்லை. அவள் கட்டைவிரல் தானாகத் துளைகளைத் தடவ ஆரம்பித்தது.

தேநீரோடு வந்த அண்ணி வாசலிலேயே நின்றாள்.

“போச்சு, இப்ப ரெண்டு பேரா?” என்றாள். கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.